தெரியும் என்று நான் சொன்ன பூ

எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரின் மேஜைமேல் ஓர் எனாமல் தட்டு. அதில் புளிக்குழம்பில் வெந்து குழைந்த கிழங்குத் துண்டுகள் ஐந்தாறு. தட்டுக்குப் பக்கத்தில், கிழங்கை ஒடித்துவிட்டு எறிந்த ஒரு செடியின் தண்டு. அதன் நுனியில் அழுகிக் கறுத்துப்போன ஒரு பூ.

மேஜையைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர் நின்றார்கள். எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது.

"டீச்சரம்மா, பங்களாவுக்குப் போயிப் பூவெல்லாம் வரையறீங்களே. இது என்ன செடின்னு சொல்லுங்க," என்றார் ரைட்டர் முத்துக்குமரு.

நான் தண்டைக் கையில் எடுத்தேன். தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி, அழுகிய இதழ்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். இதழ் ஆறு. மகரந்தக் காம்பு ஆறு. நடுவில் மூன்று பட்டையாகச் சூலகம், இதழ்களுக்கு மேலே. பார்க்கிறவர்களுக்கு நான் பெரிய வித்தை செய்வதுபோல் இருந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

"கண்வலிப் பூ," என்றேன். "செங்காந்தள்னும் சொல்லுவாங்க. இதோட கிழங்கு கொடிய விஷம்."

கூட்டத்தில் ஒரு பெண், "இது கொடியாட்டம் இல்லீங்களே," என்று முணுமுணுத்தாள். ரைட்டர் அவளைப் பார்த்த பார்வையில் அவள் பின்னால் நகர்ந்துவிட்டாள்.

வாசலோரம் நின்ற இன்னொருத்தி மட்டும் விடவில்லை.

"ஏனுங்க டீச்சரம்மா, நல்லாப் பாருங்க. அது காட்டுப்பூண்டுங்க. எம்புள்ளைக்கே சுட்டுக் குடுப்பனுங்க."

அவள் பெயர் வெள்ளச்சி. ஏற்காட்டுப் பக்கம் நாகலூருக்கு மேலே இருக்கும் மலைக்கிராமத்துக்காரி. என் வயதுதான் இருக்கும். ராகியும் பலாப்பழமும் காட்டுக் கிழங்கும் சுமந்துகொண்டு கூலிக்காரர்களின் லைன் வீடுகளுக்கு வருவாள். உப்பும் கருவாடும் மாற்றிக்கொண்டு போவாள். முந்தின நாள் அவள் கொடுத்த கிழங்கைத் தின்றுதான் எஸ்டேட் கூலிக்காரன் மாரப்பன் ரத்தமாக வாந்தியெடுத்து, டிஸ்பென்சரிக் கட்டிலில் கிடந்தான்.

நான் அவள் பக்கம் திரும்பவில்லை. சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். "கண்வலிப் பூதான்."

வெள்ளச்சியைக் காப்பி ஸ்டோர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். பூட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அப்பாவின் வழி

மலைக்கு வந்தது எப்படி, விதவையாகி ஆசிரியைப் பயிற்சிக்குச் சேர்ந்தது எப்படி என்றெல்லாம் இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. எங்கள் அப்பாவுக்குத் "தெரியாது" என்ற வார்த்தை வாயில் வராது.

சேலத்தில் ஒரு ஜவுளிக் கடையில் அவர் குமாஸ்தா. கடை வாசலில் யாராவது நின்று வழி கேட்டால் போதும், தான் காலே வைக்காத தெருவுக்குக்கூடக் கையை நீட்டி வழி சொல்லிவிடுவார். "நேராப் போயி, சோத்தாங்கைப் பக்கம் திரும்பி..." கேட்டவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். எங்கே போய்ச் சேர்ந்தாரோ! ஒருமுறை அம்மா, "அந்தத் தெரு அந்தப் பக்கம் இல்லையே," என்றதற்கு, "கேக்கறவன் முன்னால முழிச்சுக்கிட்டு நிக்கச் சொல்றியா?" என்று கோபித்துக்கொண்டார்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த ரத்தம்தான் என் உடம்பிலும் ஓடியது. எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு வந்த மூன்றாம் மாதமே கடிதம் எழுத, கடிதம் படிக்க, நல்ல நாள் பார்க்க, வயிற்று வலிக்கு மருந்து சொல்ல என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் வர ஆரம்பித்துவிட்டார்கள். நானும் எல்லாவற்றுக்கும் ஏதாவது சொன்னேன்.

துரைசாணியின் பூ

பூ வரையப் போனது துரைசாணியால். எஸ்டேட் துரையின் மனைவியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நெட்டையான, ஓயாமல் நடக்கிற பெண்மணி. அவர் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது கரும்பலகையில் நான் வரைந்திருந்த எருக்கம்பூவைப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை பங்களாவிலிருந்து ஆள் வந்துவிட்டது.

அதிலிருந்து வாரம் தவறாமல் போனேன். கெட்டியான வரைதாள், வண்ணப் பெட்டி, பூதக்கண்ணாடி எல்லாம் கொடுப்பார். பூவை அறுத்து உள்ளே எண்ணச் சொல்லுவார். சூலகம் இதழ்களுக்கு மேலே இருந்தால் லில்லியின் சொந்தம், கீழே இருந்தால் வேறு சாதி. இப்படிச் சில அடையாளங்கள் பழகின. சில அடையாளங்கள்தான். ஆனால் அவையே முழுப் படிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

துரைசாணிக்கு ஒரு பூவின்மேல் தீராத ஆசை. ஒரு மழைக்காலத்தில் பங்களாவுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் ஒரு வெள்ளை இதழ் மிதந்து வந்ததாம். விரல் நீளத்துக்கும் மேலே, மெழுகுபோலத் தடிப்பாக. மேற்கு மலைகளில் வளரும் ஒரு லில்லியின் இதழ் அது, இந்த மலையில் அந்தச் செடி இருப்பதை யாரும் கண்டு எழுதியதில்லை என்றார். இரண்டு வருஷமாக ஓடை வழியே மேலே மேலே போய்த் தேடியும் கிடைக்கவில்லை.

அவரோடு உட்கார்ந்து நான் ஐம்பது பூக்களாவது வரைந்திருப்பேன். ஒரு செடியின் வேரைக்கூட வரைந்ததில்லை. வேரைத் தோண்டச் சொல்லி அவர் கேட்டதும் இல்லை, எனக்குத் தானாகத் தோன்றியதும் இல்லை.

லில்லி சொந்தத்தில் அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வேலியெல்லாம் தீப்பிடித்ததுபோலப் பூக்கும் கண்வலிப் பூ. அதனால்தான் ரைட்டர் மேஜையில் ஆறு மகரந்தக் காம்புகளைக் கண்டதும் வாய் முந்திக்கொண்டது.

யானையின் துதிக்கை

வெள்ளச்சியைப் பூட்டிய அன்று பள்ளிக்கூடத்தில் என்னால் உட்கார முடியவில்லை. இரண்டு முறை வெளியே வந்து ஸ்டோர் இருந்த பக்கம் பார்த்தேன். பனியில் கூரைகூடத் தெரியவில்லை.

பலகையில் "யானை" என்று எழுதினேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது, அப்போது "னை" என்ற எழுத்தை முன்னால் ஒரு துதிக்கை வைத்து, சுழித்து எழுதுவோம். அந்தச் சுழியைப் போட்டு முடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

கண்வலிச் செடியின் இலை நுனி இப்படித்தான் சுருண்டிருக்கும். அந்தச் சுருளால்தான் வேலியைப் பற்றிக்கொண்டு ஏறும். நானே அதை வரைந்திருக்கிறேன். ஒவ்வொரு இலைக்கும் ஒரு சுருள்.

காலையில் கையில் வைத்திருந்த தண்டில் இலைகள் இருந்தன. நுனியில் சுருள் இருந்ததா?

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ரைட்டர் அறையில் மேஜை துடைத்து வைக்கப்பட்டிருந்தது. தண்டைக் குப்பையோடு வெளியே கொட்டியிருந்தார்கள். மழைச் சேற்றில் கையைவிட்டுத் தேடி எடுத்தேன். ஏழெட்டு இலைகள் இருந்தன. எல்லாம் நேராக, கத்திபோல முடிந்திருந்தன. ஒன்றில்கூடச் சுருள் இல்லை. தண்டும் கொடி இல்லை. நிமிர்ந்து நிற்கிற தண்டு. காலையில் அந்தப் பெண் சொன்னதும் அதுதானே!

"ரைட்டர் ஐயா, நான் தப்பாச் சொல்லிட்டேன். இது கண்வலிப் பூ இல்லை."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அப்ப இது என்ன?"

"அது... இன்னும் பாக்கணும்."

"பாருங்க. ஆனா நான் எழுதிட்டேனே. பள்ளிக்கூட டீச்சரம்மா பாத்துச் சொன்னபடின்னு உங்க பேரைப் போட்டே எழுதி, ஏற்காட்டுக்கு ஆள் அனுப்பியாச்சு. துரை மஞ்சக்குட்டைப் பக்கம் போயிருக்காரு. நாளைக்கு மத்தியானம் அவரும் வந்துடுவாரு, போலீஸும் வந்துடும். அவங்ககிட்டச் சொல்லிக்கோங்க."

"அதுவரைக்கும் அந்தப் பொண்ணு உள்ளேயா?"

"வெசம் வெச்சவளை வெளியில உட்டுட்டு நான் பதில் சொல்றதா?"

யாரும் கேட்காதவள்

ஸ்டோர் அறைக்குப் பின்பக்கம் கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல். அறுவடைக் காலம் இல்லாததால் உள்ளே மூட்டைகள் இல்லை. பழைய காப்பித் தோலின் புளித்த வாடை மட்டும் வந்தது. வெள்ளச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"வெள்ளச்சி, அந்தக் கிழங்கு எங்கே தோண்டினே?"

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன்னு நினைக்கிறேன். இடத்தைச் சொன்னா, பாத்துட்டு வந்து சரியாச் சொல்றேன்."

"காத்தால நான் சொன்னப்பத் திரும்பிக்கூடப் பாக்கலீங்க நீங்க," என்றாள். அழவில்லை. அது என்னை இன்னும் குத்தியது. அவளே மேலே சொன்னாள். "செல்லிக்குப் பாலு பத்தலைன்னு சொல்லிச்சுங்க. பொறந்து பாஞ்சு நாளாகாத கொழந்தை. அதுக்காவ ஒரு நாளு பூராத் தேடி ரெண்டு கெழங்கு எடுத்துட்டு வந்தனுங்க. அது சும்மா கெடைக்காதுங்க. இன்னிக்குக் காத்தால பாலு வந்துச்சான்னு கேக்கத்தானுங்க வந்தேன். வெசம் வெச்சவ மறுநாளே வந்து நிப்பாளுங்களா?"

செல்லி மாரப்பனின் மனைவி. எனக்குச் சுருக்கென்றது. கிழங்கு வந்தது செல்லிக்கு. காலையிலிருந்து ஆண்கள் எல்லாரும் பேசினார்கள், நானும் பேசினேன். செல்லியிடம் யாராவது ஏதாவது கேட்டோமா?

லைனுக்குப் போனேன். கடைசி வீடு. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு செல்லி விசும்பிக்கொண்டிருந்தாள். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும்.

"கண்ணு, அழாதே. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தக் கிழங்கை நீ தின்னியா?"

"தின்னனுங்க. ஒண்ணை அடுப்பு நெருப்புல சுட்டு மத்தியானமே தின்னுட்டனுங்க. நொம்ப ருசியா இருந்துச்சுங்க. இன்னொண்ணைத்தானுங்க அவருக்குப் புடிக்கும்னு புளி ஊத்திக் குழம்பு வெச்சேன்."

"குழம்பு நீ சாப்பிட்டியா?"

"இல்லீங்க. அவரு மொதல்ல உண்டாருங்க. உண்டு கை கழுவறதுக்குள்ள ஓங்கரிக்க ஆரம்பிச்சுட்டாருங்க."

"எதுல காய்ச்சினே குழம்பு?"

அடுப்பு மூலையைக் காட்டினாள். மண்சட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகர டப்பா. "சட்டி ஒடஞ்சு போச்சுங்க. ரைட்டர் ஐயாகிட்டச் சொன்னனுங்க. ஸ்டோருல சும்மாக் கெடந்துதுன்னு இதைக் குடுத்தாருங்க. கழுவித்தானுங்க வெச்சேன்."

டப்பாவை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். அடியில், தகரம் மடிந்து சேரும் இடுக்கு முழுக்க மயில் கழுத்து நிறத்தில் ஒரு படிவம். காப்பிச் செடிக்கு நோய் வராமல் அடிக்கிற மயில்துத்தம் என்ற விஷ உப்பு வந்த டப்பா அது. அதில் புளியைக் கரைத்து ஊற்றிக் கொதிக்க வைத்திருக்கிறாள்.

டப்பாவை முந்தானையில் மூடி எடுத்துக்கொண்டு வந்தேன். விஷம் எதில் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் காலையிலும் தெரியும் என்றுதானே நினைத்தேன்? நாளைக்குத் துரையின் முன்னால் டப்பாவைக் காட்டினால் ரைட்டர் என்ன சொல்வார்? "கிழங்குமேல் சந்தேகம் தீரவில்லையே. நீங்கதானே விஷம்னு சொன்னீங்க," என்பார். கிழங்கு எது என்று நான் காட்டியாக வேண்டும்.

அன்று சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் ஸ்டோரின் ஜன்னல் கம்பி வந்து நின்றது.

நாகலூருக்கு மேலே

பொழுது விடிந்ததும் ஸ்டோர் வாசலுக்குப் போனேன். வெள்ளச்சியின் புருஷன் சடையன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தான். ராத்திரி முழுக்க அங்கேயே இருந்திருக்கிறான். ஜன்னல் வழியாக வெள்ளச்சி அவனிடம் இடத்தைச் சொன்னாள். "கூட்டிக்கிட்டுப் போ," என்றாள்.

அவன் முன்னால் நடந்தான், நான் பின்னால். நாகலூர் வழியாக ஏறி, எஸ்டேட்டின் கடைசி நிழல் மரத்தையும் தாண்டியதும் சோலைக்காடு ஆரம்பித்தது. பத்தடிக்கு அப்பால் பனி. காலில் அட்டை ஏறிக்கொண்டே இருந்தது. நின்று பிடுங்கக்கூட மனம் இல்லை. மத்தியானத்துக்குள் இறங்கிவிட வேண்டும். மரத்திலிருந்து சொட்டுகிற ஒவ்வொரு சொட்டும் நேரம் போகிறது, நேரம் போகிறது என்று நச்சரிப்பதுபோல் இருந்தது.

பாதி வழியில் சடையன் திரும்பாமலே கேட்டான்.

"நீங்கதானுங்களா வெசம்னு சொன்னது?"

"ஆமா."

அவ்வளவுதான் கேட்டான்.

ஓடை பிறக்கும் இடத்தில் ஒரு பெரிய பாறைச் சரிவு. பாறைக்கும் மரங்களுக்கும் நடுவில், பாசி படிந்த ஈரமான ஓரத்தில் கையைக் காட்டி நின்றான்.

நாலே நாலு செடிகள். நெஞ்சுயரத் தண்டு. ஒன்றில் மட்டும் பூ இருந்தது. ஒரு சாண் நீளத்துக்கு, எக்காளம்போலக் குவிந்து வாய் விரிந்த வெள்ளைப் பூ. உள்ளே லேசான மஞ்சள். அந்தப் பனியிலும் வாசனை அடித்தது. ஓடையில் மிதந்து வந்த இதழ் எந்தப் பூவிலிருந்து வந்தது என்று உடனே தெரிந்துவிட்டது.

இரண்டு வருஷமாகத் துரைசாணி தேடிக்கொண்டிருந்த பூவின் முன்னால் நின்றேன். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. இலை நுனியைப் பார்த்தேன். சுருள் இல்லை. குப்பையிலிருந்து எடுத்த இலையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே இலை. பூவை அறுத்து எண்ணினேன். ஆறு, ஆறு, மூன்று. எல்லாம் சரியாக இருந்தது. அதே எண்ணிக்கைதானே என்னை ஏமாற்றியது!

"கெழங்கைப் பாக்கோணும்னா தோண்டோணும்," என்றான் சடையன்.

நாலில் ஒன்று போய்விடும். அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. குச்சியால் மண்ணைக் கிளறிப் பக்குவமாக எடுத்துக் கொடுத்தான்.

கண்வலிக் கிழங்கு கலப்பைபோல வளைந்து, ஒரே கட்டையாக இருக்கும். முந்தின நாள் சாயங்காலமே வேலியோரம் ஒன்றைத் தோண்டிப் பார்த்து, மடியில் முடிந்து வைத்திருந்தேன். இது அப்படி இல்லவே இல்லை. தாமரை மொட்டுபோல, வெள்ளை வெள்ளைப் பற்களாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியிருந்தது. விரலால் நெம்பினால் பூண்டுப்பல்போல உதிர்ந்தது. வெள்ளச்சி சொன்ன பெயர் அப்படியே அதன் உருவத்தில் இருந்தது.

மென்றது

நாங்கள் இறங்கியபோது துரை வந்துவிட்டிருந்தார். வழியில் மழைக்கு ஒண்டிக்கடைப் பக்கம் ஒதுங்கி நின்று தாமதமாக வந்த கான்ஸ்டபிளும் அப்போதுதான் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளச்சியை வெளியே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ரைட்டர் தன் புகாரின் நகல் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். என் பெயர் வந்த இடத்தில் உள்ளே நுழைந்தேன்.

சேறும் அட்டைக் கடி ரத்தமுமாக என்னைக் கண்டதும் துரை ரைட்டரைக் கைகாட்டி நிறுத்தினார்.

"நேத்து நான் சொன்னது தப்புங்க," என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். இரண்டு கிழங்கையும் மேஜையில் வைத்தேன். "இது கண்வலி. இது வெள்ளச்சி குடுத்தது. இது விஷம் இல்லை."

"நேத்து வெசம்னீங்க, இன்னிக்கு இல்லைங்கறீங்க," என்றார் ரைட்டர். "நாளைக்கு என்ன சொல்வீங்க?"

கூட்டம் என்னையே பார்த்தது. அவர் கேட்டதில் தப்பே இல்லை. என் வார்த்தைக்கு இனி என்ன மதிப்பு?

காட்டுப்பூண்டிலிருந்து நாலு பல்லை உதிர்த்தேன். முந்தானையில் மண்ணைத் துடைத்தேன். வாயில் போட்டு மென்றேன்.

யாரோ "ஐயோ சாமி!" என்றார்கள். துரை எழுந்துவிட்டார். கொழகொழவென்று, லேசான கசப்பும் அதன்மேல் ஒரு தித்திப்புமாக இருந்தது. விழுங்கினேன். இன்னும் இரண்டு எடுத்து மென்றேன்.

துரை கோட்டுப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "வெயிட் பண்ணு," என்றார். மாரப்பனுக்கு உண்ட கையோடு வாந்தி வந்தது. எனக்கு அரை மணி போயிற்று. ஒரு மணியும் போயிற்று. வயிற்றில் காற்று அசைந்தால்கூடப் பகீர் என்றது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நூற்றுக்கு நூறு நிச்சயம் இல்லை. இலையைப் பார்த்தேன், கிழங்கைப் பார்த்தேன், செல்லி சொன்னதைக் கேட்டேன். இருந்தாலும் அந்த ஒரு மணி நேரமும் சாவு பயம் என்னை விடவில்லை. வெள்ளச்சி மட்டும் சாதாரணமாக நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அது எப்போதும் தெரிந்த விஷயம்தானே.

அதற்குள் டிஸ்பென்சரி கம்பவுண்டர் வந்தார். மாரப்பன் கஞ்சி குடித்ததாகச் சொன்னார். வீட்டிலிருந்து வரவழைத்த டப்பாவை அவர் கையில் கொடுத்தேன். அதில் புளித் தண்ணீரை ஊற்றிச் சூடாக்கி, தன் பேனாக்கத்தியை அதற்குள் வைத்து எடுத்தார். இரும்பு அலகின்மேல் செக்கச்செவேலென்று செம்புப் பூச்சு.

"துத்தத்துல இருக்கற செம்பு," என்றார் அவர். "இதைத்தான் குடிச்சிருக்கான்."

"இந்த டப்பா லைனுக்கு எப்படிப் போச்சு?" என்றார் துரை.

குழந்தையோடு வந்து ஓரமாக நின்ற செல்லி, "ரைட்டர் ஐயா குடுத்தாருங்க," என்றாள். அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

ரைட்டர் கையிலிருந்த தாளை மடித்தார். தட்டைத் தேடி எடுத்தவர் டப்பாவை ஏன் தேடவில்லை, அவருக்கு முன்பே ஏதாவது உறுத்தியதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. துரை அந்தத் தாளைக் கிழித்தார். டப்பாக்களை எல்லாம் நசுக்கிக் குழியில் புதைக்கச் சொன்னார். ரைட்டர் ரைட்டராகவே இருந்தார்.

வெள்ளச்சி தன் கூடையை எடுத்துக்கொண்டு சடையனோடு புறப்பட்டுப் போனாள். என்னைத் தாண்டித்தான் போனாள்.

மெட்ராசிலிருந்து வந்த பதில்

துரைசாணிக்கு விஷயம் தெரிந்ததும் மூச்சிரைக்க ஓடி வந்தார். மேஜையில் மிச்சமிருந்தது ஐந்தாறு பற்களும் கசங்கிய ஒரு பூவும்தான். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டுவிட்டாயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு என்னை உட்காரவைத்து வரையச் சொன்னார். முதல் தடவையாக, கிழங்கிலிருந்து தொடங்கி முழுச் செடியையும் வரைந்தேன். அதை மெட்ராசில் இருந்த ஒரு செடி நிபுணருக்கு அனுப்பினார்.

புரட்டாசியில் பதில் வந்தது. படம் அழகாக இருக்கிறதாம். ஆனால் வெறும் படத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாதாம். வரைந்தவர் வேறு ஏதாவது செடியைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாமாம். முழுச் செடியைக் காயவைத்து அனுப்பினால் பார்ப்பார்களாம்.

நான் அழுகிய பூவைக் கிளறிவிட்டு ஒரு வார்த்தை சொன்னபோது யாரும் ஆதாரம் கேட்கவில்லை. ஒரு பெண்ணைப் பிடித்து உள்ளே பூட்ட அதுவே போதுமாக இருந்தது.

"இடத்தைக் காட்டு. ஒரே ஒரு செடி," என்றார் துரைசாணி. கெஞ்சுகிற குரல். அவர் கெட்டவர் இல்லை. என்னை வரைய வைத்தவரும் அவர்தான். இரண்டு நாள் சாக்குச் சொல்லிக் கடத்தினேன். மூன்றாம் நாள் மலைக்கு ஏறினேன்.

வெள்ளச்சி ராகிக் காட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பிறகு அவள் லைன் பக்கம் வரவே இல்லை. வரப்பில் நின்று, வந்த காரணத்தைச் சொன்னேன்.

"இடத்தைத்தான் பாத்துட்டீங்களே. அப்பறம் எங்கிட்ட எதுக்குங்க?" என்றாள் நிமிராமலே.

"உன்னைக் கேக்காம காட்ட மனசில்லை."

"காட்ட வேண்டாமுங்க."

"சரி."

பிடுங்கிய களையை வரப்பில் எறிந்தாள். பிறகு அவளாகவே, "செல்லிக்குப் பாலு ஊறுதுங்களா?" என்றாள்.

"ஊறுதாம். நீ எப்ப வருவேன்னு கேட்டா."

"பத்தலைன்னா இங்க வரச் சொல்லுங்க. நான் அங்க வரமாட்டேன். நான் உள்ள கெடந்த அன்னிக்கு எம்புள்ளை ஊட்டு வாசல்லயே ஒக்காந்துட்டு இருந்துச்சாமுங்க."

"தப்பு என்னோடதுதான், வெள்ளச்சி."

"ஆமாங்க," என்றாள்.

மறுநாள் துரைசாணியிடம் முடியாது என்று சொன்னதும், பங்களாவிலிருந்து எனக்கு வரைதாள் வருவது அதோடு நின்றதும் பிறகு நடந்தவை. அன்று அந்த இடத்தை விட்டு என்னால் நகர முடியவில்லை. செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளுக்கு அடுத்த வரிசையில் இறங்கிக் குனிந்தேன். இளம் ராகியும் களையும் பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பிடுங்கும் முன் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, அவளைப் பார்த்தேன்.

"அதைப் புடுங்குங்க," என்பாள். "அதை உடுங்க," என்பாள்.

வெயில் இறங்கும்வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.